எழுபதுக்குக் கீழே

1942ஆம் ஆண்டு, பிரான்சின் மோன்பெலியே நகரம். டைபாய்டு காய்ச்சலில் கிடந்தவர்களுக்குப் புதிதாக வந்த ஒரு சல்ஃபா மருந்தைக் கொடுத்துப் பார்த்தார் மார்செல் ஜான்போன் என்ற மருத்துவர். சிலருக்குக் காய்ச்சலோடு சம்பந்தமே இல்லாத தொல்லைகள் வந்தன. வியர்த்துக் கொட்டியது, புத்தி தடுமாறியது, வலிப்பு வந்தது. ரத்தத்தைச் சோதித்தால் சர்க்கரை படுமோசமாக இறங்கியிருந்தது. அதே ஊரில் இருந்த ஒகுஸ்த் லூபாத்தியேர் அந்த மருந்தை நாய்களுக்குக் கொடுத்து ஆராய்ந்து, அது கணையத்தை உசுப்பி இன்சுலினைச் சுரக்கவைக்கிறது என்று கண்டுபிடித்தார். இன்று நம் ஊர் மருந்துச் சீட்டுகளில் இருக்கிற கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு, கிளிபென்கிளமைடு எல்லாம் அந்த வழியில் வந்த சல்ஃபோனைல்யூரியா மாத்திரைகள்தான்.

இன்சுலின் கதையும் இதற்குச் சளைத்ததில்லை. 1922இல் டொராண்டோவில் கணையச் சாற்றை மருந்தாக்கியவர்களுக்கு, ஒரு குப்பியில் எவ்வளவு வீரியம் இருக்கிறது என்று அளக்க வழி தெரியவில்லை. பட்டினி போட்ட முயலுக்கு ஊசி போட்டுப் பார்த்தார்கள். வலிப்பு வரும் அளவுக்கு அதன் சர்க்கரையை இறக்க எவ்வளவு சாறு தேவைப்பட்டதோ, அதைத்தான் முதலில் ஒரு யூனிட் என்று கணக்கு வைத்தார்கள். அளவுகோல் பின்னால் பலமுறை மாறினாலும், ‘காலையில் 20, ராத்திரி 12’ என்று இன்று நம் வீடுகளில் சொல்கிற கணக்கின் பிறப்பிடம் அதுதான்.

ஆக, சர்க்கரை தாழ்ந்துபோவது இந்த இரண்டு மருந்துகளின் ஏதோ ஓரத்துப் பக்கவிளைவு என்று நினைப்பது பிசகு. மருந்து தன் வேலையைச் செய்கிறது. அந்த நேரத்தில் வயிற்றில் சோறு இல்லை, அல்லது சிறுநீரகம் பழையபடி இல்லை, அல்லது நோயாளி அன்று வழக்கத்தைவிட அதிகம் நடந்துவிட்டார். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், நம்மிடையே சர்க்கரையைப் பற்றிய பேச்சு முழுக்க ஏறுமுகமாகவே இருக்கிறது. ‘சுகர் எவ்வளவு?’ என்று கேட்டு, 140 என்று பதில் வந்தால் ‘பரவாயில்லையே’ என்கிறோம். 65 என்று வந்தால் பாதிப் பேர் ‘அடேயப்பா, நல்லா கண்ட்ரோல்ல வச்சிருக்கீங்க’ என்று பாராட்டிவிட்டுப் போவார்கள். ஐசிஎம்ஆர் இன்டியாப் ஆய்வு 2023இல் வெளியிட்ட கணக்குப்படி நாட்டில் 10 கோடிக்கும் அதிகமானோருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. அவர்களில் எத்தனை பேருக்குத் தாம் விழுங்குகிற மாத்திரை சர்க்கரையை எழுபதுக்குக் கீழே தள்ளக்கூடிய வகையா என்பது தெரியும்?

முதலில் எண்கள். ஒரு டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் எச்சரிக்கை, 54க்குக் கீழே போனால் ஆபத்து என்று உலகம் முழுக்க வைத்திருக்கிறார்கள். மூன்றாவது நிலைக்கு எண்ணே கிடையாது: தானாகச் சமாளிக்க முடியாமல் இன்னொருவர் கைகொடுக்க வேண்டிய நிலை வந்துவிட்டால், மீட்டர் என்ன காட்டினாலும் அது கடுமையான தாழ்சர்க்கரைதான்.

ஆரோக்கியமான உடம்பு இதற்கெல்லாம் இடம் கொடுக்காது. சர்க்கரை 80ஐ ஒட்டி வரும்போதே கணையம் இன்சுலினைக் குறைத்துவிடும். 70க்குப் பக்கத்தில் குளுக்ககான், அட்ரினலின் என்ற ஹார்மோன்கள் சுரந்து, கல்லீரலில் இருக்கிற சேமிப்பை ரத்தத்துக்கு எடுத்துவிடும். அதையும் மீறி 55ஐ நெருங்கினால் ஆளுக்கே தெரிந்துவிடும்: கை நடுக்கம், படபடப்பு, குளிர்ந்த வியர்வை, வயிற்றைப் பிறாண்டும் பசி. இன்னும் இறங்கினால் மூளை பட்டினி கிடக்கத் தொடங்கும். நாக்கு குழறும், பார்வை இரண்டாகும், காரணமில்லாமல் எரிந்து விழுவார், சொன்னதையே சொல்வார், கடைசியில் வலிப்பும் மயக்கமும். மருந்து எடுப்பவரின் சிக்கல் முதல் படியிலேயே இருக்கிறது. ஊசியில் போன இன்சுலினைத் திரும்ப எடுக்க முடியாது; மாத்திரை உசுப்பிவிட்ட கணையம் ‘போதும், நிறுத்து’ என்றால் கேட்காது.

இதற்கு நேர்மாறான ஒரு கூட்டமும் உண்டு. வருஷக்கணக்கில் 300, 350 என்று இருந்துவிட்டு, மருந்து தொடங்கி 120க்கு வந்ததும் கைகால் நடுங்கி ‘லோ சுகர் ஆயிடுச்சு’ என்று லட்டைத் தேடுபவர்கள். அவர்கள் நடிக்கவில்லை; உயர்ந்த அளவுக்குப் பழகிய உடம்பு உண்மையாகவே அலறுகிறது. ஆனால் மீட்டரில் பார்க்காமல் இனிப்பை எடுத்தால் வைத்தியம் தொடங்கிய இடத்துக்கே திரும்பிவிடும். எண் நன்றாக இருந்தால் கொஞ்சம் சாதாரண உணவு எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். சில வாரங்களில் உடம்பு புது அளவுக்குப் பழகிவிடும்.

எந்த மருந்து தாழ்த்தும், எது தாழ்த்தாது? மெட்ஃபார்மின் தனியாக இருந்தால் சர்க்கரையை எழுபதுக்குக் கீழே தள்ளுவது அரிது. சிட்டாகிளிப்டின், வில்டாகிளிப்டின், டெனெலிகிளிப்டின், டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் ஆகியவையும், வார ஊசியாகப் பெயரெடுத்திருக்கிற செமாகுளுடைடும் அப்படித்தான். முக்கியமாக இன்சுலினும் சல்ஃபோனைல்யூரியாக்களும்தான் தாழ்த்துகிறவை. முதலில் சொன்ன சாதுக்களும் இந்த இரண்டில் ஒன்றோடு சேர்ந்தால் சாதுவாக இருப்பதில்லை. ஏற்கெனவே கிளிமிபிரைடு எடுப்பவருக்கு இன்னொரு மாத்திரையைச் சேர்க்கும்போது, கிளிமிபிரைடைக் குறைக்க வேண்டுமா என்ற கேள்வி மருத்துவர் மேசையில் எழுந்தாக வேண்டும்.

நம் ஊரில் இதில் ஒரு நடைமுறைத் தொல்லை இருக்கிறது. மாத்திரைகள் பெரும்பாலும் கூட்டாக வருகின்றன. மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சேர்ந்த மாத்திரையின் வணிகப் பெயருக்குப் பின்னால் 1, 2 என்று ஓர் எண் இருக்கும்; பெரும்பாலும் அது கிளிமிபிரைடு எத்தனை மில்லிகிராம் என்பதைச் சொல்கிறது. மருந்துக் கடையில் 1 இல்லையென்று 2ஐக் கொடுத்தால், நோயாளி ‘அதே மாத்திரைதான்’ என்று விழுங்குவார். உள்ளே போவது இரண்டு மடங்கு. 10 நாளைக்கு மட்டும் என்று அட்டையைக் கத்திரித்துக் கொடுக்கும்போது பெயர் அச்சடித்த பகுதி கடையிலேயே தங்கிவிடுவதும் உண்டு. பெரியவர் மயங்கிக் கிடக்கும்போது வீட்டார் ஓடிப்போய்ப் பையைக் கொண்டுவந்து மருத்துவமனை மேசையில் கொட்டுகிறார்கள்: உள்ளே பெயரில்லாத வெள்ளை மாத்திரை, பச்சை மாத்திரை, காகித உறைமேல் பேனாவால் போட்ட ‘காலை – இரவு’. அது எந்த மருந்து, எத்தனை மணி நேரம் உடம்பில் தங்கும் என்று பணியில் இருக்கிற மருத்துவர் ஊகிக்க வேண்டியிருக்கிறது. பெயரும் அளவும் தெரிகிற மாதிரி அட்டையைக் கேட்டு வாங்குவது சின்ன விஷயமாகத் தெரியலாம். அந்த ராத்திரியில் அதற்குத்தான் மதிப்பு.

சல்ஃபோனைல்யூரியாக்களுக்குள்ளும் தராதரம் உண்டு. கிளிபென்கிளமைடு மலிவானது, பழையது, வலுவானது, முதியவர்களுக்கு ஏற்றதில்லை. அது கல்லீரலில் உடைந்த பிறகும் உண்டாகிற பொருள்களுக்கு வீரியம் மிச்சமிருக்கிறது. சிறுநீரகம் தளர்ந்திருந்தால் அவை வெளியேறாமல் தங்கிவிடும். உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலே 60 வயதைத் தாண்டியவர்களுக்கு அதைத் தவிர்க்கச் சொல்லி, 2013இல் கிளிக்ளசைடைச் சேர்த்துக்கொண்டது. 2004இல் வெளியான ‘கைட்’ என்ற ஐரோப்பிய ஆய்வில் கிளிக்ளசைடின் மெதுவாகக் கரையும் வகையையும் கிளிமிபிரைடையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்தார்கள். சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதில் இரண்டும் சமம். தாழ்சர்க்கரை கிளிக்ளசைடில் ஏறக்குறைய பாதி. இருந்தும் நம் சீட்டுகளில் கிளிமிபிரைடின் ஆட்சிதான். பழக்கம் என்பதைத் தவிர இதற்கு வலுவான காரணம் எனக்குத் தெரியவில்லை.

மருந்துக்கு அடுத்தபடி கடிகாரம். கல்யாண வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். முகூர்த்தம் 7 மணிக்கு. ஆறரைக்கே பெரியவர் குளித்து, வேட்டி கட்டி, மண்டபத்தில் டிபன் இருக்கும் என்ற நம்பிக்கையில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு கிளம்புகிறார். முதல் பந்தி மாப்பிள்ளை வீட்டாருக்கு. இரண்டாம் பந்தியில் நாற்காலிக்குப் பின்னால் ஆள் நிற்கிறது. முந்தியடிக்க அவருக்குக் கூச்சம். தாலி கட்டி முடித்து மொய் எழுதும் இடத்தில் நிற்கும்போது மணி ஒன்பதரை. நெற்றியில் வியர்வை. மண்டபப் புழுக்கம் என்று அவரும் நினைக்கிறார், பக்கத்தில் இருப்பவரும் நினைக்கிறார். சட்டைப்பையில் குளுக்கோஸ் இல்லை. மொய்க் கவர் இருக்கிறது. இலையில் முதல் இட்லி விழுந்த பிறகு மாத்திரையைப் போட்டிருந்தால் இத்தனையும் இல்லை. சாப்பாட்டுக்கு முன் என்று சீட்டில் எழுதியிருப்பது, சாப்பாடு உறுதியான பிறகு என்றும் படிக்கப்பட வேண்டியது.

விரதங்களும் இதே கணக்குதான். சஷ்டி, ஏகாதசி, பிரதோஷம் என்று ஒருவேளை உண்பவர்கள், சாப்பாட்டை விட்டாலும் மாத்திரையை விடக் கூடாது என்று பக்தியோடு விழுங்கிவிடுகிறார்கள். கிளிமிபிரைடு எடுப்பவர் செய்யக்கூடிய மிக மோசமான காரியம் இது. நோன்பு பற்றி இஸ்லாமிய உலகத்தில் நடந்த அளவுக்கு ஆய்வு வேறெங்கும் நடக்கவில்லை. 13 நாடுகளில் நடந்து 2004இல் வெளியான எபிடயர் ஆய்வில், ரமலான் மாதத்தில் கடுமையான தாழ்சர்க்கரை இரண்டாம் வகை நோயாளிகளிடம் ஏழரை மடங்காகவும், முதல் வகையினரிடம் ஐந்து மடங்குக்குச் சற்றுக் குறைவாகவும் கூடியது தெரிந்தது. அதன் பிறகு வந்த வழிகாட்டுதல்கள் தெளிவாகவே இருக்கின்றன: ரமலானுக்கு ஒன்றிரண்டு மாதம் முன்பே மருத்துவரைப் பார்த்து மருந்தின் நேரத்தையும் அளவையும் மாற்றிக்கொள்வது, விரலில் குத்திச் சோதித்தால் நோன்பு முறியாது என்று தெரிந்துகொள்வது, 70க்குக் கீழே போனாலோ 300க்கு மேல் ஏறினாலோ அன்றைய நோன்பை விட்டுவிடுவது. சஷ்டிக்கும் ஏகாதசிக்கும் இப்படி ஒரு முறையை யாரும் ஊரறியச் சொல்வதில்லை. அதே விதிகளை எடுத்துக்கொள்வதில் சாமி குற்றம் எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை.

நடையும் சர்க்கரையை இறக்கும். உடனே மட்டுமில்லை, அடுத்த பல மணி நேரத்துக்கும். திருவண்ணாமலைக் கிரிவலம் 14 கிலோமீட்டர். மாலையில் இன்சுலின் போட்டுக்கொண்டு, ‘சுற்றி வந்துதான் சாப்பாடு’ என்று கிளம்புபவருக்கு வழியில் இறங்கலாம். வழியில் தப்பித்தவருக்குப் படுத்த பிறகு, விடியற்காலை 3 மணிக்கு இறங்கலாம். தூக்கத்தில் இறங்கும் சர்க்கரை நயவஞ்சகமானது. பனியன் நனைந்திருக்கும், கெட்ட கனவு வந்திருக்கும், காலையில் தலை கனக்கும். கரண்ட் போயிருக்கும், அதான் வியர்வை என்று நினைத்து விடுவார்கள். ராத்திரி இன்சுலின் போடுபவருக்கு இப்படி நடந்தால் 2, 3 மணிக்கு அலாரம் வைத்து ஒருநாள் சோதிப்பது நல்லது.

குடியைப் பற்றி நீட்ட வேண்டாம். கல்லீரல் புதிதாகச் சர்க்கரை தயாரிப்பதைச் சாராயம் தடுக்கிறது. வெறும் வயிற்றில் குடித்து, மாத்திரையும் போட்டு, சாப்பிடாமல் படுத்தால் ஆபத்து இரட்டிக்கிறது. வாசனையை வைத்து ‘போதை, தூங்கட்டும்’ என்று விட்டுவிடுகிறார்கள் என்பதுதான் இதில் மிகப் பெரிய கேடு. குழறுகிற பேச்சு போதைக்கும் பொது, தாழ்சர்க்கரைக்கும் பொது. ஒரு பக்கம் கைகால் இழுத்துக்கொண்டு பக்கவாதம் மாதிரியேகூட அது வரும். சர்க்கரை நோயாளியின் நடத்தையில் திடீரென்று மாற்றம் என்றால் முதலில் விரலில் ஒரு குத்து. மற்ற ஆராய்ச்சி அதற்குப் பிறகு.

இன்சுலின் போடுபவர்களுக்கென்றே சில பொறிகள் இருக்கின்றன. அதில் ஒன்று நம் நாட்டுக்கு உரியது. இங்கே குப்பியில் வருகிற இன்சுலின் பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட். பேனாவில் போடுகிற கார்ட்ரிட்ஜ் 100 யூனிட். ஊசிக்குழலும் இரண்டு வகை: 40க்குச் சிவப்பு மூடி, 100க்கு ஆரஞ்சு மூடி. பேனா கெட்டுப்போன நாளில் கார்ட்ரிட்ஜிலிருந்து சிவப்பு மூடி ஊசியால் 20 கோடு வரை உறிஞ்சினால், உள்ளே போவது 50 யூனிட். இரண்டரை மடங்கு. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் குப்பி வாங்கிக்கொண்டு, வெளியே மருந்துக் கடையில் ஊசிக்குழல் வாங்குபவர்கள் மூடியின் நிறத்தைப் பார்க்காமல் நகரக் கூடாது. அடுத்தது ஊசி போடுகிற இடம். தினமும் தொப்புளுக்குப் பக்கத்தில் ஒரே இடத்தில் போட்டுப்போட்டு அங்கே கொழுப்பு தடித்துவிடும். வலிக்காது என்பதால் அந்த இடமே பிடித்துப்போகும். அங்கே போடுகிற மருந்து அரைகுறையாகத்தான் உறிஞ்சப்படும். அளவைக் கூட்டிக்கொண்டே போவார்கள். ஒருநாள் யாராவது சொல்லித் தொடைக்கு மாற்றினால், கூட்டிய அளவு முழுக்க வேலைசெய்து சர்க்கரை தடாலென்று விழும். இடத்தை மாற்றும்போது அளவையும் மருத்துவரிடம் கேட்டுக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

இறங்கிவிட்டது, நினைவு இருக்கிறது. இப்போது என்ன செய்வது? 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிஷம் காத்திருப்பு, மறுபடி சோதனை. ஏறவில்லையென்றால் இன்னொரு 15. ஏறிய பிறகு சாப்பாடோ, இரண்டு இட்லியோ, பால் பிஸ்கட்டோ. 15 கிராம் என்பது குளுக்கோஸ் பொடியில் குவித்து அள்ளிய மூன்று டீஸ்பூன். அரை டம்ளர் தண்ணீரில் கலக்கினால் ஆயிற்று. மீட்டர் பக்கத்தில் இல்லையென்றால் சோதனைக்காகக் காத்திருக்க வேண்டாம். சாக்லேட், ஐஸ்கிரீம், மைசூர்பாகு எல்லாம் கொழுப்பு சேர்ந்தவை. சர்க்கரை மெதுவாகத்தான் இறங்கி ரத்தத்தில் சேரும். ஒரு இளநீரில் இருக்கிற சர்க்கரை போதாமல் போகலாம். ‘டயட்’ என்று போட்ட குளிர்பானத்தால் எந்தப் பிரயோஜனமும் இல்லை. பயத்தில் அரைக்கிலோ ஜிலேபியைக் காலி செய்கிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டு மணி நேரத்தில் 350ல் போய் நிற்பார்கள்.

‘நான்தான் எப்பவும் பையில் மிட்டாய் வச்சிருக்கேனே’ என்று நிம்மதியாக இருப்பவர்கள் தங்கள் மாத்திரை அட்டையை ஒருமுறை திருப்பிப் பார்க்க வேண்டும். அதில் வோக்லிபோஸ் அல்லது அகார்போஸ் என்று இருந்தால் மிட்டாயை நம்ப முடியாது. சாப்பிட்ட பின் ஏறுகிற சர்க்கரையைக் குறைக்க, மாவுச்சத்தையும் சாதாரணச் சர்க்கரையையும் உடைக்கிற குடல் நொதிகளைத் தடுப்பதுதான் இவற்றின் வேலை. சீனி, வெல்லம், கருப்பட்டி, பனங்கற்கண்டு, எலுமிச்சை மிட்டாய் எல்லாமே அடிப்படையில் ஒரே சுக்ரோஸ். உடைந்தால்தான் ரத்தத்துக்குள் போகும். உடைக்கிற கையை மருந்து கட்டிப்போட்டிருக்கிறது. வாயில் இனிப்பு கரைந்துகொண்டிருக்கும், மீட்டரில் எண் அசையாது. குளுக்கோஸ் பொடிக்கு இந்தத் தடையே இல்லை. அது கிடைக்காவிட்டால் தேன். அதில் குளுக்கோஸ் உடைந்த நிலையிலேயே இருக்கிறது. பாலும் உதவும், கொஞ்சம் தாமதமாக. வோக்லிபோஸ் தனியாக யாரையும் தாழ்த்தாது. ஆனால் நம் ஊரில் மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு, வோக்லிபோஸ் மூன்றும் ஒரே மாத்திரையில் விற்கின்றன: தாழ்த்துகிற மருந்தும், மீள்வதைத் தாமதப்படுத்துகிற மருந்தும் ஒரே விழுங்கலில். அதை எழுதிக் கொடுக்கும்போது ஒரு குளுக்கோஸ் பாக்கெட்டையும் சேர்த்து எழுதுவது நியாயம் என்பேன்.

நினைவு தப்பிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. சர்க்கரைத் தண்ணீரைப் புகட்டுவது நம் வீடுகளில் தன்னிச்சையாக நடக்கும். அது மூச்சுக்குழலுக்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108ஐ அழைக்க வேண்டும். குளுக்ககான் ஊசி மேல்நாடுகளில் வீட்டிலேயே இருக்கும். இங்கே சாதாரணக் கடையில் அதை எதிர்பார்க்க முடியாது. நரம்பில் ஏற்றும் டெக்ஸ்ட்ரோஸ்தான் நமக்கு வழி. ஏற்றிய சில நிமிஷங்களில் ஆள் எழுந்து உட்கார்ந்து ‘என்னாச்சு?’ என்று கேட்பார். பார்க்க அதிசயமாக இருக்கும், வீட்டாருக்கு உடனே கிளம்பத் தோன்றும். இன்சுலினால் வந்தது என்றால், அது எந்த வகை, எப்போது போட்டது என்று கணக்குப் பார்த்து மருத்துவர் அனுப்பிவிடலாம். மாத்திரையால் வந்தது என்றால் அப்படி விட முடியாது. கிளிமிபிரைடும் கிளிபென்கிளமைடும் ஒரு நாளோ அதற்கு மேலோ உள்ளே இருந்து வேலைசெய்துகொண்டே இருக்கும். ஏற்றிய குளுக்கோஸ் தீர்ந்ததும் மறுபடி இறங்கும். ஒரு நாளாவது படுக்கையில் வைத்துப் பார்க்கச் சொல்வது பணம் பிடுங்குவதற்காக என்று சந்தேகப்பட வேண்டாம்.

வேறு மருந்துகளும் இதில் மூக்கை நுழைக்கின்றன. சிறுநீர்த் தொற்றுக்குக் கொடுக்கும் கோட்ரைமாக்சசோல், சிப்ரோஃப்ளாக்சசின், பூஞ்சைக்குக் கொடுக்கும் ஃப்ளூகோனசோல் ஆகியவை சல்ஃபோனைல்யூரியாவோடு சேர்ந்தால் சர்க்கரை இறங்கலாம். ப்ரோப்ரனலால் போன்ற ரத்த அழுத்த மாத்திரைகள் படபடப்பையும் நடுக்கத்தையும் மறைத்துவிடும். வியர்வையை மட்டும் மறைப்பதில்லை. ‘இயற்கையானது’ என்று விற்கிற பொடிகளைப் பற்றி ஒரு சம்பவம். 2008இல் சிங்கப்பூரில் ஐந்து மாதத்துக்குள் 150 பேர் கடுமையாகச் சர்க்கரை தாழ்ந்து மருத்துவமனைக்கு வந்தார்கள். நான்கு பேர் இறந்தார்கள். விசாரித்தால், சட்டவிரோதமாக விற்ற ஆண்மை மருந்துகளில் கிளிபென்கிளமைடு கலந்திருந்தது. லேபிளில் மூலிகை இருக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்று ஆய்வகத்துக்குத்தான் தெரியும்.

திடீரென்று எல்லாம் ‘சரியாகிவிட்ட’ சர்க்கரையைச் சந்தேகிக்கப் பழக வேண்டும். 20 வருஷ நோயாளி ஒருவர், சாப்பாட்டைக் குறைக்கவில்லை, நடக்கவும் இல்லை. சில மாதமாகச் சர்க்கரை தானாக இறங்கிவருகிறது, வீட்டில் கொண்டாட்டம். பல நேரம் அது சிறுநீரகம் தளர்வதன் அடையாளம். உடம்பில் இருக்கிற இன்சுலினைக் கழிப்பதில் சிறுநீரகத்துக்குப் பெரிய பங்கு உண்டு; அது ஓய்ந்தால் பழைய அளவு மருந்தே அதிகமாகிவிடும். கிரியாட்டினினைப் பார்த்து, அதிலிருந்து சிறுநீரகத்தின் வேகத்தைக் கணக்கிட்டு, மருந்தைத் திருத்த வேண்டிய நேரம் அது.

அடிக்கடி தாழ்ந்தால் இன்னொரு கெடுதல் வருகிறது: உடம்பு எச்சரிக்கை கொடுப்பதையே விட்டுவிடும். அமெரிக்க ஆய்வாளர் ஃபிலிப் கிரையர் வருஷக்கணக்கில் ஆராய்ந்த விஷயம் இது. ஒருமுறை தாழ்ந்தால், அடுத்த முறை அட்ரினலின் சுரக்கிற எல்லை இன்னும் கீழே போய்விடுகிறது. முன்பு 60ல் வியர்த்தவர், பின்பு 45லும் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருப்பார். அடுத்த நிமிஷம் சாய்வார். ஸ்கூட்டர் ஓட்டுபவர், ஏணியில் ஏறி வேலை செய்பவர் என்றால் சொல்லவே வேண்டாம். ஆறுதல் என்னவென்றால், சில வாரம் ஒருமுறைகூடத் தாழாமல் பார்த்துக்கொண்டால் இழந்த உணர்வு பெருமளவு திரும்பும். அதற்காக இலக்கைக் கொஞ்சம் உயர்த்தி வைக்கத் தயாராக இருக்க வேண்டும். வசதி உள்ளவர்களுக்குத் தோலில் ஒட்டும் சென்சார் இதில் பெரிய துணை. 70 ஆனதும் போன் கத்தும். கையை அழுத்திப் படுத்தால் இல்லாத தாழ்வையும் அது காட்டும் என்பதால், சந்தேகம் வந்தால் விரலில் குத்திப் பார்த்துவிடுவது மேல்.

முதியவர்களிடம் வியர்வையும் நடுக்கமும் வராமலேயே மூளைத் தடுமாற்றம் மட்டும் வருவது சகஜம். ‘அப்பாவுக்குச் சாயங்காலமானா ஒரு மாதிரி ஆயிடுது, வயசாயிடுச்சு’ என்று குடும்பம் பழகிப்போய்விடும். அந்தச் சாயங்காலங்களில் யாராவது மீட்டரை வைத்துப் பார்த்தார்களா என்பதுதான் முதல் கேள்வி.

எவ்வளவுதான் இறக்க வேண்டும் என்பதில் உலகம் ஒரு பெரிய பாடம் படித்திருக்கிறது. 1993இல் டிசிசிடி ஆய்வு, முதல் வகை நோயாளிகளின் சர்க்கரையைக் கறாராக வைத்தால் கண்ணும் சிறுநீரகமும் தப்பிக்கின்றன என்று நிரூபித்தது. கூடவே கடுமையான தாழ்சர்க்கரை மூன்று மடங்கானதையும் பதிவு செய்தது. 1998இல் யுகேபிடிஎஸ் ஆய்வு இரண்டாம் வகையினருக்கும் கட்டுப்பாட்டின் பலனைக் காட்டியது. அதில் சல்ஃபோனைல்யூரியாவுக்கும் நல்ல பங்கு உண்டு, அதை மறுப்பது நன்றிகெட்டதனம். இன்னும் இறக்கினால் இன்னும் நல்லதுதானே என்று அக்கார்டு ஆய்வு 10,251 பேரை எடுத்துக்கொண்டு, பாதிப் பேருக்கு எச்பிஏ1சி என்ற ரத்தச் சோதனை அளவை 6 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவர முனைந்தது. இதய நோயோ அதற்கான ஆபத்தோ ஏற்கெனவே இருந்தவர்கள் அவர்கள். 2008 பிப்ரவரியில் அந்தப் பகுதியைப் பாதியில் நிறுத்தினார்கள். கறாராக இறக்கிய பிரிவில் 257 மரணம், மற்றதில் 203. அத்தனைக்கும் தாழ்சர்க்கரைதான் காரணமென்று நிறுவப்படவில்லை, சர்ச்சை இன்னும் ஓயவில்லை. ஆனால் எல்லாருக்கும் ஒரே இலக்கு என்ற காலம் அதோடு முடிந்தது. இளம் வயதில் புதிதாக நோய் வந்தவருக்கு ஆறரை, ஏழு. தளர்ந்த முதியவருக்கு எட்டு, சில நேரம் அதற்கு மேலும். எச்பிஏ1சி ஒரு சராசரி என்பதும் நினைவில் இருக்க வேண்டும்: ராத்திரி 50, மதியம் 250 என்று ஊசலாடுபவருக்கும் அறிக்கை அழகான ஏழைக் காட்டும்.

பணக்கணக்கும் இதில் இருக்கிறது. சல்ஃபோனைல்யூரியா மாத்திரைகள் நீடித்திருப்பதற்கு முக்கியக் காரணம் விலை. டாபாகிளிஃப்ளோசினின் மூலக் காப்புரிமை 2020இலும், சிட்டாகிளிப்டினுடையது 2022இலும் இந்தியாவில் முடிந்து, பல நிறுவனங்கள் தயாரித்து விலை கணிசமாக இறங்கியிருக்கிறது. முன்பு ‘கட்டுப்படியாகாது’ என்று ஒதுக்கியவர்கள் இப்போது மறுபடி கேட்டுப் பார்க்கலாம். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்து சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. பெரிய காரியம். அந்த வாசலில் நிற்கிற பெண் ஊழியர் ‘போன மாசம் எப்பவாச்சும் வியர்த்து மயக்கமா வந்துச்சாம்மா?’ என்று ஒரு வாக்கியம் சேர்த்துக் கேட்டால், எந்த ஆய்வுக்கும் சிக்காத தாழ்சர்க்கரைகள் வெளியே வரும்.

மருந்தைக் கூட்டும்போது யாரும் ஏன் என்று கேட்பதில்லை, குறைத்தால்தான் சண்டை. எச்பிஏ1சி 6.2 இருக்கிற 78 வயது அம்மாவுக்கு ராத்திரி கிளிமிபிரைடை மருத்துவர் அடித்துவிட்டால், ‘நல்லா இருக்கிறதை ஏன் டாக்டர் கெடுக்கிறீங்க?’ என்று மகன் கேட்பார். அந்த 6.2 தாழ்த்துகிற மருந்தால் வாங்கிய எண், அந்த வயதில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் எந்த எண்ணும் உதவாது என்று அவருக்கு விளக்க வேண்டியிருக்கிறது. குறைத்த பிறகு இரண்டு வாரத்துக்கு வெறும் வயிற்றிலும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னாலும் சோதித்து, தேதியும் நேரமும் போட்டு எழுதிவைக்க வேண்டும். அன்று சாப்பாடு தள்ளிப்போயிருந்தால் அதையும் பக்கத்தில் குறிக்க வேண்டும். சர்க்கரை 180, 200 என்று கொஞ்சம் ஏறலாம். பழைய மாத்திரையைத் தானாக எடுத்துப் போடாமல் அந்தத் தாளை மருத்துவரிடம் கொண்டுபோனால் போதும், அடுத்த மாற்றத்தை அவர் அதை வைத்துத்தான் செய்வார்.